இலை தண்டைப் பிடிக்கும் இடம்

ஜூன் 3

பூச்சிக்கு,

அண்ணன், அண்ணி, நீ மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமிருக்காது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அட்டை கடித்த இடங்களைத் தவிர மற்ற இடமெல்லாம் நான் நலம்.

உன் அப்பா ஒரு தபால் அட்டையில்கூட நான்கு வார்த்தை எழுத மாட்டார். அதனால் வழக்கம்போல உனக்கே எழுதுகிறேன். அவருக்குப் படித்துக் காட்டு.

கிடைத்துவிட்டது. ஆறு வருடமாக ஏறி இறங்கும் அதே மலையில், அதே பாறைக்கு மேலே. குடுவைச் செடி. பூச்சி பிடித்துத் தின்னும் ஜாதி (உன்னைச் சொல்லவில்லை). இலையின் நுனி நீண்டு கொடியாகிறது, அதன் முனையில் ஒரு குடுவை தொங்குகிறது, குடுவைக்கு ஒரு மூடி. விளிம்பில் கால் வைத்த பூச்சி வழுக்கி உள்ளே விழும். உள்ளே இருக்கும் நீரில் கரைந்து செடிக்குச் சாப்பாடாகிவிடும். இந்த ஜாதியில் நிறைய இனங்கள் உண்டு. ஆனால் இந்த இனம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் உலர்தாவரகத்தில் செடிகளைக் காயவைத்து ஒட்டியிருக்கும் தாள்கள் அத்தனையும் புரட்டிவிட்டேன். எதிலும் இல்லை.

அண்ணனுக்கு ஒரு விஷயம் சொல். ஒரே செடி இரண்டு விதமாகக் குடுவை விடும். தரையோடு இருக்கும்போது தொப்பையாக ஒன்று, கொடியாக ஏறிய பிறகு மெலிந்து நீண்டதாக இன்னொன்று. கீழ்க்குடுவை, மேற்குடுவை என்போம். கட்டுரைக்கு அவர் வரையும் படத்தாள் ஒன்றிலேயே இரண்டும் வர வேண்டும். முதல் படம் மேற்குடுவை, இரண்டாம் படம் கீழ்க்குடுவை. பார்சலில் சாராயத்தில் போட்ட இரண்டு பாட்டில், ஒட்டிய இரண்டு தாள், செடியை உறுப்பு உறுப்பாக விவரித்து நான் எழுதிய வர்ணனையின் நகல் எல்லாம் இருக்கின்றன.

இது டிசம்பருக்குள் அச்சில் வந்துவிட்டால் என் வேலை நிரந்தரமாகும். வராவிட்டால் அந்த இடம் பாசிக்காரருக்குப் போகும். பக்கத்து அறையில் பாசிகளைப் பற்றி ஆராய்கிறவர். இருப்பது ஒரே இடம், நாங்கள் இரண்டு பேர். அவர் நல்ல மனிதர், அதுதான் கஷ்டம்.

வேறு யார் வரைந்தாலும் எனக்கு ஒத்துவராது என்று அண்ணனிடம் சொல்.

அத்தை


ஜூன் 14

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே அம்மா நலம், அப்பா நலம், நான் நலம். நேற்றிலிருந்து இரண்டு பாட்டில் செடிகளும் எங்களோடு நலமாக இருக்கின்றன. உங்கள் அட்டைக் கடிக்கு உப்புத் தண்ணீர் வைத்துப் பாருங்கள் என்று அம்மா சொல்லச் சொன்னார்.

பாட்டில்களைச் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அம்மா பஸ் டெப்போ வேலை முடிந்து வந்து, "இது என்ன, யாரோட குடலு?" என்றார். நான் முழுவதும் விளக்கினேன். கேட்டுவிட்டு, "சரி, அதை என் கண்ணுல படாம வை" என்று முடித்துக்கொண்டார். இப்போது அப்பாவின் மேசையில் இருக்கின்றன.

உங்கள் வர்ணனையை மூன்று முறை படித்தேன். "விளிம்பின் விலா எலும்புகள் போன்ற வரிகள்" என்ற இடம் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளி நூலகத்தில் இந்தச் செடியைப் பற்றிக் கால் பக்கம்தான் இருக்கிறது, அதிலும் படம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. மேற்குடுவை ஒன்றைத் திறந்து பார்க்கலாமா? உள்ளே ஏதோ கறுப்பாகத் தெரிகிறது. யார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அப்பா சீக்கிரம் ஆரம்பித்துவிடுவார்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பூச்சி


ஜூன் 20 (அனுப்பவில்லை)

அத்தை,

இதை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன், கிழிக்கப் போவதில்லை.

அப்பா ஆரம்பிக்க மாட்டார். அவரால் முடியாது. போன வருடத்திலிருந்து வலது கை நடுங்குகிறது. முதலில் டம்ளர் தளும்பியது. பிறகு பாடப்புத்தகத்துக்கு வரைந்த தவளை பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்தது, "கோடுகள் தெளிவாக இல்லை" என்ற சீட்டோடு. இப்போது மணிக்கட்டுக்கு அடியில் துணி மடித்து வைக்கிறார், இடது கையால் வலது கையைப் பிடிக்கிறார். அப்படியும் பேனா தன் இஷ்டத்துக்குப் போகிறது. மருத்துவரிடம் போக மாட்டார். அம்மா கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்.

உங்கள் பார்சலை ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்று என்னைக் கூப்பிட்டார்.

"நீ போடு."

"நான் புள்ளிதானப்பா வெப்பேன்." உங்களுக்குத்தான் தெரியுமே. கோடெல்லாம் அப்பா, நிழலுக்குப் புள்ளி வைப்பது மட்டும் நான்.

"புள்ளி வெக்கத் தெரிஞ்சவளுக்குக் கோடு வராதா? போடு. என் பேர்ல போகட்டும். அத்தைகிட்ட மூச்சு விடாத."

"ஏன்?"

"என் கால் ஒடிஞ்சப்போ இன்டர்வியூவ விட்டுட்டு ஓடி வந்தா. இப்ப கையின்னு தெரிஞ்சா என்ன பண்ணுவா? டிசம்பர் வரைக்கும் அவ அங்கயே இருக்கணும்."

அவர் சொல்வது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்று காலையிலிருந்து எந்தப் புத்தகத்திலும் இரண்டு பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை. எழுந்து எழுந்து பாட்டிலைப் பார்க்கிறேன்.


ஜூலை 12

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் ஊரில் மழை வலுத்திருப்பதாகச் செய்தித்தாளில் படித்தோம். நனையாமல் இருக்கிறீர்களா? இங்கே எல்லோரும் நலம், அப்பாவும் நலம்.

படத்தாளை அட்டைக்குள் வைத்து அனுப்புகிறோம். அப்பா இருபது நாள் உழைத்தார். மூடியின் அடியில் இருக்கும் சுரப்பிகளை உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருக்கிறார். மேற்குடுவையில் பதினொன்று, எல்லாம் பெரியவை. கீழ்க்குடுவையில் எண்ண முடியாத அளவுக்கு, மணல் தூவினது போல. உள்ளே இருந்த கறுப்பு ஒரு அந்துப்பூச்சியின் இறக்கை. அதைப் படத்தில் சேர்க்கவில்லை. சேர்க்கலாமா என்று நான் கேட்டேன், அப்பா வேண்டாம் என்றார்.

பள்ளியில் எனக்கு அடுத்த வாரம் தேர்வு. படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிடித்திருக்கிறதா என்று உடனே எழுதவும்.

பூச்சி


ஜூலை 25

பூச்சிக்கு,

நான் சளியோடு சுகமாக இருக்கிறேன். தேர்வு எப்படி எழுதினாய் என்று நீ சொல்லவே இல்லை.

அண்ணனிடம் சொல்: இத்தனை வருடத்தில் அவர் வரைந்ததிலேயே இதுதான் உச்சம். மேற்குடுவையைப் பார்த்துப் பாசிக்காரரே, "தொட்டா ஈரமா இருக்கும் போல" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம்.

ஒரே ஒரு திருத்தம். இரண்டாம் படத்தில் இலையின் அடி தவறு. என் வர்ணனையில் தெளிவாக இருக்கிறது: இலையின் அடி தண்டோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு மெல்லிய சிறகாகக் கீழே இறங்கும். இதுதான் இந்த இனத்தின் அடையாளமே. முதல் படத்தில் அண்ணன் சரியாகப் போட்டிருக்கிறார். இரண்டாவதில் இலை தண்டைப் பாதி சுற்றிப் பிடித்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. தரைச்செடியின் தண்டு குட்டையானது, இலைகள் நெருங்கி மறைத்திருக்கும், அதனால் கவனிக்காமல் விட்டிருப்பார். தாளைத் திருப்பி அனுப்புகிறேன், வர்ணனையைப் பார்த்து மாற்றச் சொல். சுரப்பிகளையும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல், இவ்வளவு பொடியாக இருக்க நியாயமில்லை.

ஆகஸ்ட் இருபதுக்குள் இதழுக்கு அனுப்பியாக வேண்டும்.

அத்தை


ஆகஸ்ட் 1

அன்புள்ள அத்தைக்கு,

சளி விட்டதா? ஆவி பிடித்தீர்களா? இங்கே நாங்கள் மூவரும் நலம். தேர்வு நன்றாக எழுதினேன், கணக்கைத் தவிர.

அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். கீழ்க்குடுவை எடுத்த செடியும் மேற்குடுவை எடுத்த கொடியும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்ததை நீங்கள் பார்த்தீர்களா? தரைச்செடியிலிருந்தே கொடி புறப்பட்டுப் போனதா? அப்பா சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்.

பூச்சி


ஆகஸ்ட் 10

பூச்சிக்கு,

எல்லோரும் சௌக்கியமாக இருங்கள், நானும் அப்படியே இருக்கப் பார்க்கிறேன்.

அண்ணனுக்கு என்ன ஆயிற்று? என்றைக்கு அவர் இதையெல்லாம் கேட்டார்? "நீ சொல்லு, நான் போடறேன்" என்பதுதானே அவருடைய ஒரே வாக்கியம். கொடி பாறை மேல் இருந்தது. தரைச்செடி இரண்டடி தள்ளிப் பாசிக்குள் இருந்தது. கொட்டுகிற மழை, கையில் குடை கிடையாது. இரண்டும் ஒரே இனம்தான், அந்தப் பாறையில் வேறு என்ன இருக்கப் போகிறது?

நாட்கள் ஓடுகின்றன. பாசிக்காரர் தன் கட்டுரையைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டார். திருத்தின படம் உடனே வர வேண்டும்.

அத்தை


ஆகஸ்ட் 16

அன்புள்ள அத்தைக்கு,

நலம், நலமே விழைகிறோம். நீங்கள் சொன்னபடி இரண்டாம் படம் மாற்றியாயிற்று. இலையின் அடி, சுரப்பிகள் இரண்டும். பத்திரமாகக் கிடைத்ததும் ஒரு வரி எழுதவும்.

பூச்சி


செப்டம்பர் 22

பூச்சிக்கு,

கை, கால், மூக்கு, மனசு எல்லாம் நலம். நீங்களும் அப்படி இருந்தால் இன்னும் நலம்.

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். டிசம்பர் இதழில் வருகிறது. படத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பத்தி பாராட்டி எழுதியிருக்கிறார் இதழாசிரியர். எங்கள் உலர்தாவரக இயக்குநர் அதை நகலெடுத்துத் தன் அறையில் மாட்டியிருக்கிறார். இத்தனை நாள் என் பெயரைத் தப்பாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், நேற்று வராந்தாவில் நின்று சரியாகக் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன், யாரையோ கூப்பிடுகிறார் என்று.

ஜன்னல் பக்க மேசை காலியாகப் போகிறது. அது நிரந்தர ஊழியருக்கு. தினமும் அந்தப் பக்கமாக ஒரு முறை நடந்து போகிறேன், வேலை இல்லாவிட்டாலும்.

அச்சுப் பிழை திருத்த நவம்பர் முதல் வாரம் வரும். அதற்குப் பிறகு யாராலும் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. ஒரு இனத்தின் முதல் வர்ணனை என்பது அப்படி. இன்னும் நூறு வருடம் கழித்து யாராவது இந்தச் செடியைக் கண்டுபிடித்தால் நம் தாளை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள்.

ஏன் இப்போதெல்லாம் குட்டிக் கடிதமாக எழுதுகிறாய்? உன் வளவளப்பு இல்லாமல் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

அத்தை


அக்டோபர் 4

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம், அம்மா நலம். அப்பா நலமில்லை.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீங்கள் உட்கார்ந்து படியுங்கள். நான் நின்றுகொண்டு எழுதுகிறேன், உட்கார முடியவில்லை.

அப்பாவுக்கு வலது கை நடுங்குகிறது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் படத்தை வரைந்தது நான். முழுவதும் நான்தான். சொல்ல வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டார், நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவீர்களாம். நான் ஒப்புக்கொண்டேன். எல்லாக் கடிதத்திலும் "அப்பா நலம்" என்று எழுதினேன். ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு வார்த்தையைத்தான் முதலில் எழுதி முடிப்பேன், பிறகு மற்றது எழுத வரும்.

ஆனால் இதை இப்போது சொல்வது அதற்காக இல்லை. இரண்டாம் படத்துக்காக.

முதலில் அனுப்பியதுதான் சரி. இலை தண்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறது. நீங்கள் தவறு என்று எழுதிய பிறகு, இலைகளை ஊசியால் விலக்கிவிட்டுப் பார்த்தேன். ஏழு இலை. ஏழிலும் சிறகு இல்லை. மேற்குடுவைக் கொடியில் ஐந்து இலை, ஐந்திலும் இருக்கிறது. சுரப்பிகளும் அப்படியே, கீழ்க்குடுவையில் பொடிதான். கொடியின் மேல் துருப்பிடித்த நிறத்தில் மயிர் இருக்கிறது. தரைச்செடி மொழுமொழுவென்று இருக்கிறது. இதை நான் அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதினால், "அண்ணன் என்றைக்கு மயிரையெல்லாம் பார்த்தார்" என்று கேட்பீர்களோ என்று பயந்தேன்.

அப்பாவிடம் காட்டினேன். எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது.

"அப்பா, இது வேற செடி மாதிரி இருக்கு."

"அத்தை படிச்சவ. அவ சொன்னா சரியா இருக்கும். மாத்திப் போடு."

"இல்லாததை எப்படிப்பா போடறது?"

"எப்படின்னா? முப்பது வருஷமா நான் என்ன போட்டேன்னு நெனச்ச? புத்தகத்துல நான் போட்ட இதயம் எந்த மனுஷனுக்கும் கெடையாது. எழுதினவர் சொல்லுவார், நான் போடுவேன். அதான் வேலை."

"பசங்க அந்த இதயத்தைப் பாத்துத்தானே படிச்சாங்க?"

"பாஸ் ஆயிட்டாங்க இல்ல?"

சிரித்துவிட்டேன், அத்தை. அந்தச் சிரிப்போடு போய் இரண்டு சிறகு வரைந்தேன். மிக அழகாக வந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பார்த்து வரைந்ததைவிட, பார்க்காமல் வரைந்தது அழகாக வந்துவிட்டது. ஆசிரியர் ஒரு பத்தி பாராட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து பள்ளியில் பெயர் கூப்பிட்டால்கூடத் திடுக்கென்கிறது. நூறு வருடம் கழித்து ஒருவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பாறை பாறையாகத் தேடுவார், அப்படி ஒரு செடி எங்கேயும் இருக்காது.

நான் நினைப்பது தவறாக இருக்கலாம். நான் ஒன்பதாம் வகுப்பு. ஆனால் பாட்டில் இங்கேயே இருக்கிறது, இன்று காலையும் பார்த்தேன்.

இதனால் உங்கள் மேசை போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

பூச்சி


அக்டோபர் 27

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நான்காம் தேதி எழுதியது கிடைத்ததா? தபால்காரர் எங்கள் தெருவுக்குப் பதினொன்றேகாலுக்கு வருகிறார். விடுமுறை நாட்களில் நான் பதினோரு மணிக்கே மாடிப்படியில் நின்றுகொள்கிறேன். நேற்று அவரே, "ஏம்மா, நான் என்ன எழுதியா கொண்டு வர முடியும்?" என்று கேட்டுவிட்டார்.

உங்களுக்கு எழுதிவிட்டதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "எந்தத் தேதி போட்ட? பதில் வந்துச்சா?" என்றார். இப்போது அவரும் பதினோரு மணிக்கு ஜன்னல் பக்கம் வருகிறார். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

ஒரு வரி போதும்.

பூச்சி


நவம்பர் 12

பூச்சிக்கு,

இந்த முறை யாருடைய நலமும் விசாரிக்கப் போவதில்லை. காரணம் கடைசியில்.

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதினேன். அது அனுப்பக்கூடியதாக இல்லை. நான்கு பக்கமும் கோபம். கிழித்துவிட்டு விடுப்பு எழுதிக் கொடுத்தேன், மலைக்குப் போனேன். மழையில் பாதை அடைத்துக் கிடந்தது. கீழே ஒரு விறகுக் கொட்டகையில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். கையில் உன் கடிதத்தைத் தவிர படிக்க ஒன்றுமில்லை.

பிறகு ஏறினேன். கொடியைக் கண்டுபிடித்தேன். அதன் வேரைத் தேடிப் பாறை இடுக்கில் கையை விட்டேன். அது பாசிப் பக்கமே போகவில்லை, எதிர்ப்பக்கம் போகிறது. அந்தத் தரைச்செடி வேறு. மலை முழுக்கக் கிடைக்கும் சாதாரண இனம், நானே நூறு முறை பார்த்தது. அன்றைக்கு மழையில் மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது, எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் செடியைப் பார்க்கவே இல்லை, என் வர்ணனையைத்தான் பார்த்தேன். இரண்டு செடியைச் சேர்த்து ஒன்றாக்கி, அதற்குப் பெயர் வைத்து, காலாகாலத்துக்கும் தாளில் ஒட்டப் போனேன். படித்தவள் செய்த வேலை.

உண்மையான கீழ்க்குடுவையை நான்கு நாள் தேடினேன். கிடைக்கவில்லை.

கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டேன். திருத்தி அனுப்பினால் அடுத்த ஜூன் இதழ் என்கிறார்கள். ஜன்னல் மேசை பாசிக்காரருக்குப் போய்விட்டது. அவர் வந்து, "நீங்க வேணா சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல உக்காந்துக்குங்க" என்றார். கேலி இல்லை, மனதாரத்தான் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கொடி புது இனம் என்பதில் மாற்றமில்லை. அது என்னைப் பார்த்துக்கொள்ளும்.

நீ முதலில் பார்த்ததை வரைந்தாய். பிறகு நான் சொன்னேன் என்று மாற்றினாய். அந்தப் பாவத்தில் பாதி எனக்கு. அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் "அப்பா நலம்" என்று நீ எழுதியதில் எனக்குப் பங்கு இல்லை. கடிதங்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். "அப்பாவும் நலம்", "மூவரும் நலம்" என்று விதவிதமாக எழுதியிருக்கிறாய். நான் ஓடி வந்திருப்பேனா? வந்திருப்பேன். அது என் முடிவாக இருந்திருக்கும். அதை உன் அப்பாவும் நீயும் எனக்குப் பதிலாக எடுத்துவிட்டீர்கள். இந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, கொஞ்ச நாள் இருக்கும்.

புதிய வர்ணனையின் நகலும் படத்தாளும் இதோடு வருகின்றன. படத்தாளில் இரண்டாம் படத்தை எடுத்துவிட்டு அனுப்பு. கீழே வரைந்தவர் பெயர் போட வேண்டும், யாருடையது என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள். பிறகு அண்ணனைப் பற்றி எனக்கு எழுது. நலம் என்ற வார்த்தை வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுது.

அத்தை


நவம்பர் 23

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் கேட்டதால் நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன். கை பழக்கத்தில் அந்தப் பக்கம் போகிறது, இழுத்துப் பிடித்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு முழுவதும் படித்தேன், ஒரு வரியும் விடாமல். மேசை போன இடத்தில் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்து, "மிச்சத்தைப் படி" என்றார். கோபப்பட்ட இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

படத்தாளைச் சுரண்டி எடுக்க முடியாது என்பதால் புதிதாகவே வரைந்தேன். பெயரைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்கவில்லை. மை காயட்டும் என்று நான் எழுந்து போனபோது, அப்பாவே பென்சிலை எடுத்துத் தாளின் அடியில் என் பெயரை எழுதிவிட்டார். எழுத்துகள் மலை ஏறி இறங்குகின்றன. அதன் மேலேயே மையால் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், மன்னியுங்கள்.

பிறகு புதிய வர்ணனையைப் படித்துக் காட்டினேன். தண்டு, இலை, மேற்குடுவை, மூடி, பூ என்று வரிசையாகப் போய், "கீழ்க்குடுவைகள்: காணப்படவில்லை" என்ற வரி வந்தது. அப்பா நிறுத்தச் சொன்னார்.

"அப்படி எழுதலாமா?"

"எழுதலாமாம்ப்பா. இன்னும் பார்க்காததை அப்படித்தான் எழுதுவாங்களாம்."

"முப்பது வருஷத்துல யாரும் என்கிட்ட இத சொல்லல" என்றார். கொஞ்ச நேரம் மேசையில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அத்தைக்கு என்னைப் பத்தி எழுதணும்ல? இதே மாதிரி போடு. நான் சொல்றேன்."

அவர் சொல்லச் சொல்ல எழுதியதைக் கீழே தருகிறேன். அம்மா சமையலறையிலிருந்து திருத்தங்கள் கொடுத்தார்.

வலது கை: நடுங்குகிறது. பதினாறு மாதமாக. சும்மா வைத்திருக்கும்போது அதிகம்.

இடது கை: நடுக்கம் இல்லை. ("சுண்டு விரல்ல இருக்கு. நான் பாத்தேன்" என்றார் அம்மா. "எப்ப பாத்த?" என்றார் அப்பா. "நீங்க பாக்காதப்போ.") திருத்தம்: சுண்டு விரலில் உண்டு.

நடை: முன்பைவிட மெதுவாக. திரும்பும்போது சுவரைத் தொடுகிறார்.

குரல்: கொஞ்சம் தணிந்திருக்கிறது. (இதை நான் சேர்த்தேன். அப்பா மறுக்கவில்லை.)

பசி: உண்டு.

மருத்துவர்: இதுவரை காணப்படவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அம்மா விடுப்பு எடுத்திருக்கிறார்.

அதோடு முடிந்தது என்று நினைத்துப் பேனாவை மூட இருந்தேன். அப்பா எழுந்திருக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நானாகத்தான் கேட்டேன்.

"பயம்னு ஒண்ணு போடவாப்பா?"

அம்மா கரண்டிச் சத்தத்தை நிறுத்திவிட்டார்.

"போடு."

"என்னன்னு?"

"பாத்தத போடு."

பயம்: உண்டு. மூவரிடமும்.

இப்படிக்கு,
பூச்சி